ஹவுஸ் ஆஃப் தி டெட் ரீமேக்கா, ஆபரேஷன் வுல்ஃப் ரிட்டர்ன்ஸா?

இரண்டுமே திரையில் வருபவர்களைத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் பழைய வீடியோ கேம்களின் புது வடிவங்கள். இரண்டையும் வாங்கி, இரண்டையும் முடித்தாகிவிட்டது. இப்போது கணினியில் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்றை, இடம் போதவில்லை என்று அழித்துவிட்டேன். ஆகவே நடுநிலையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். தங்கியது ஹவுஸ் ஆஃப் தி டெட்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். முதலாவது, சேகா தொண்ணூறுகளில் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்கு, செய்த ஜாம்பி ஆட்டம். அதை மெகாபிக்சல் ஸ்டூடியோ புதிதாகக் கட்ட, ஃபாரெவர் என்டர்டெயின்மென்ட் 2022இல் வெளியிட்டது. கதை நடக்கும் கூரியன் மாளிகை, நாயகர்கள் ரோகன், ஜி, நான்கு அத்தியாயங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது, டைட்டோவின் 1987ஆம் ஆண்டு ஆபரேஷன் வுல்ஃப். மைக்ராய்ட்ஸ் 2023இல் அதைத் தடித்த கோடுகள் போட்ட கார்ட்டூன் பாணியில் திரும்பக் கொண்டுவந்தது. சாதாரணத் திரைக்கு ஒன்று, தலையில் ஹெட்செட் மாட்டி ஆடும் வி.ஆருக்கு ஒன்று என்று இரண்டு வடிவங்கள். இரண்டு ஆட்டங்களும் சின்னவை; ஒரு மாலையில் முடித்துவிடலாம். பார்க்க எது அழகு என்றால், அது அவரவர் கண்.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே ஒரு கேள்விதான். துப்பாக்கி எங்கே நீட்டியிருக்கிறதோ, தோட்டா அங்கே போகிறதா?

பழைய பிக்சர் டியூப் டிவியில் இது பிரச்சினையே இல்லை. டியூபுக்குள் எலக்ட்ரான் கற்றை திரையை வரிவரியாக வரைந்துகொண்டே போகும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் அந்த வெளிச்சம் தன் எதிரே வரும் நொடித்துளியைப் பிடிக்கும். அதை வைத்து எந்த வரி, எந்த இடம் என்று கணக்கிட்டுவிடும். முதல் பிளேஸ்டேஷனுக்கு நாம்கோ விற்ற கன்கான் துப்பாக்கியின் வயரை வீடியோவின் மஞ்சள் பிளக்கில் கோத்துவிடச் சொன்னது இதற்காகத்தான். கற்றை எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பது அந்த வயர் வழியாகத்தான் துப்பாக்கிக்குத் தெரிந்தது. தட்டைத் திரை வந்தது, கற்றை போனது. பழைய துப்பாக்கிகள் எல்லாம் ஒரே அடியாக பொம்மைத் துப்பாக்கிகள் ஆகிவிட்டன.

ஆக, ரீமேக் வாங்குகிறவர் உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஆட்டத்தை அல்ல, குறி பார்க்கும் முறையை. ஹவுஸ் ஆஃப் தி டெட் ரீமேக் முதலில் வந்தது நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு. அங்கே ஜாய்-கான் என்கிற கைக் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கைரோவை, அதாவது திருப்பத்தை அளக்கும் சென்சாரை, வைத்துக் குறி பார்க்கலாம். கைரோவுக்குத் திரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கை எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பதை மட்டும் அளந்து கூட்டிக்கொண்டே போகும். கூட்டலில் சின்னச் சின்னப் பிழை சேரச் சேரக் குறி மெல்ல நகரும். அவ்வப்போது பட்டனை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இது கைரோ என்கிற பொருளின் இயல்பு, யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

ஹவுஸ் ஆஃப் தி டெட்டின் முதல் அத்தியாயத்தின் கடைசியில் வரும் சாரியட் என்ற பெரிய எதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்கக் கவசம், கையில் நீளமான கோடரி ஈட்டி. கவசத்தில் மார்பருகே மட்டும் ஒரு திறப்பு; அங்கே சுட்டால்தான் அடி விழும். அவன் ஈட்டியை ஓங்கும் நேரத்தில் திரையில் உள்ள கிராஸ்ஹேரை, அதாவது குறிப்புள்ளியை, தேடி, அதை இழுத்துக்கொண்டு அந்தத் திறப்புக்குப் போவது ஒரு வேலை. துப்பாக்கியை நேரே மார்புக்கு நீட்டிச் சுடுவது முற்றிலும் வேறு வேலை. முதலாவதில் நான் பார்த்துக்கொண்டிருந்தது புள்ளியை. இரண்டாவதில் சாரியட்டை.

கணினியில் இந்த ஆட்டத்தை மவுஸால் ஆடலாம் என்பது இங்கேதான் கைகொடுக்கிறது. திரையில் குறி பார்க்கும் இன்றைய துப்பாக்கிகள், லைட் கன்கள், பெரும்பாலும் தங்களைக் கணினிக்கு மவுஸ் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. அவற்றில் இரண்டு வழிகள் உண்டு. சிண்டன் துப்பாக்கிக்குள் ஒரு சின்ன கேமரா; படத்தைச் சுற்றி வரையப்படும் வெள்ளைச் சட்டகத்தைப் பார்த்து, அது தெரியும் கோணத்திலிருந்து குறியைக் கணக்கிடும். கன்4ஐஆர் வகையில் திரையைச் சுற்றி நான்கு அகச்சிவப்பு எல்.இ.டி.க்களை ஒட்ட வேண்டும்; துப்பாக்கியில் உள்ள கேமரா அந்தப் புள்ளிகளைத் தேடும். இரண்டுக்கும் திரை எங்கே என்று எப்போதும் தெரியும் என்பதால் குறி நகர்ந்துபோவதில்லை.

நான் எடுத்தது எல்.இ.டி. வழி. காரணம், படத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இருப்பது இருட்டு மாளிகைக்குப் பொருந்தவில்லை என்ற ஒரே பிடிவாதம். பராமரிப்பு இல்லாமல் இல்லை. முதல் வாரம் சாயங்காலம் ஆனால் மட்டும் குறி பித்துப்பிடித்ததுபோல் துள்ளியது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைத்து, குறியைத் திரையோடு பொருத்தும் அளவீட்டை மூன்று முறை திரும்பச் செய்தேன். அப்புறம்தான் கவனித்தேன், ஜன்னல் வழியே வந்த மேற்கு வெயில் திரையின் மூலையில் விழுந்துகொண்டிருந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டே! திரைச்சீலையை இழுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. எல்.இ.டி. ஒட்டிய பசை ஒரு முறை விட்டது; மறுபடி ஒட்டி, ஒரு முறை அளவெடுத்தேன். அவ்வளவுதான்.

ஆபரேஷன் வுல்ஃபுக்கு இந்த அளவு மெனக்கெட வேண்டியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது இயந்திரத் துப்பாக்கி ஆட்டம். விசையை அழுத்திப் பிடித்துத் திரையைக் குறுக்கே தடவிக்கொண்டு போனால் போதும். நடுவில் அப்பாவி யாராவது ஓடிவந்தால் கையை நிறுத்த வேண்டும், கைவசம் உள்ள தோட்டாவையும் ராக்கெட்டையும் எண்ணிச் செலவழிக்க வேண்டும். மவுஸே தாராளம். ஆனால் அந்த ஆட்டத்தின் உயிர் 1987ஆம் ஆண்டு ஆர்கேட் பெட்டியில் பொருத்தியிருந்த துப்பாக்கியின் அதிர்வில் இருந்தது. சாதாரணத் திரையில் அது போய்விட, மிஞ்சுவது கொஞ்சம் வெறுமையான ஆட்டம்.

வி.ஆர். வடிவம் அந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. கை நீளும் இடத்துக்கே குண்டு போகிறது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் நான் அதை இரவல் வாங்கிய ஹெட்செட்டில் மூன்று முறைதான் ஆடினேன். பழகியவர்களுக்கு என்னைவிட அதிகம் பிடிக்கலாம். எனக்கு வியர்வையும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் காற்றைச் சுடும் ஆளாகத் தெரிவதும் ஒத்துவரவில்லை.

இருவர் ஆட்டத்துக்காக வாங்குகிறவர்கள் என் பேச்சை மட்டும் நம்பிவிட வேண்டாம். என்னிடம் இருப்பது ஒரே துப்பாக்கி. இரண்டு துப்பாக்கி என்றால் கணினிக்கு இரண்டு மவுஸ். விண்டோஸ் இயல்பாக அவற்றை ஒரே அம்புக்குறியாகத்தான் பார்க்கும். அதை முதலில் விசாரித்துக்கொண்டு வாங்குங்கள். 2025இல் வந்த ஹவுஸ் ஆஃப் தி டெட் இரண்டாம் பாகத்தின் ரீமேக்கை இப்போதுதான் திறந்திருக்கிறேன், முதல் அத்தியாயத்தையே தாண்டவில்லை.

துப்பாக்கியின் வயரைப் பிடுங்க மட்டும் மறந்துவிடாதீர்கள். இதை எழுதும்போது அது சோபாவில் திரையைப் பார்த்தபடி கிடந்தது. பாதி வாக்கியத்தில் அம்புக்குறி தானாகத் திரையின் மூலைக்கு ஓடிப்போய், நான் எழுதிக்கொண்டிருந்த விண்டோவை மூடப் பார்த்தது.