ஐந்து பட்டமும் ஒன்றுமில்லாததும்: பெர்ட்மேனா, மார்ட்டினா?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் யார் பெரிய பயிற்சியாளர் என்று பேச்செடுத்தால் எனக்கு இரண்டு பெயர்கள் சேர்ந்தே வரும். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஸ்கிப் பெர்ட்மேன், ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக் மார்ட்டின்.

எண்ணிக்கையில் மார்ட்டினை நெருங்க முடியாது. 1980 முதல் 2019 வரை 40 பருவங்கள், 2,029 வெற்றிகள். எந்தப் பருவத்திலும் 40 வெற்றிக்குக் கீழே இறங்கியதில்லை. பெர்ட்மேன் 1984 முதல் 2001 வரை இருந்தார், வெற்றிகள் 870. ஆனால் தேசியப் போட்டியின் இறுதிச்சுற்று நடக்கும் ஒமாஹா நகரத்துக்கு 11 முறை போய் ஐந்து சாம்பியன் பட்டங்களை அள்ளி வந்தார். 17 முறை போன மார்ட்டின் 17 முறையும் வெறுங்கையோடு திரும்பினார்.

இதை வைத்து மார்ட்டினைக் குறைத்துப் பேசுவது வழக்கம். எனக்கு உடன்பாடில்லை. ஒமாஹாவுக்கு வருவது எட்டு அணிகள்; இரண்டு தோல்வி கண்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இன்று பந்தெறிந்து எதிரணியை மிரட்டியவர் நாளைக்குக் கையைத் தூக்க முடியாது. எட்டும் சம பலம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 17 முறை போயும் ஒருமுறைகூட வெல்லாமலிருக்க ஏறக்குறைய பத்து சதவீத வாய்ப்பு உண்டு. அதிர்ஷ்டக் கட்டை என்று சொல்லிவிடலாம். அதே கணக்கில் 11 முறையில் ஐந்து வெல்ல ஒரு சதவீத வாய்ப்புகூட இல்லை. அங்கேதான் பெர்ட்மேனின் கைவண்ணம் தெரிகிறது.

அவருக்கும் அதிர்ஷ்டம் துணை நின்றது, மறுக்கவில்லை. 1996 இறுதி ஆட்டம், மயாமி பல்கலைக்கழகம் 8, லூசியானா 7. கடைசி இன்னிங்ஸ், இருவர் அவுட்; இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மட்டையோடு வந்தவர் லூசியானாவின் வாரன் மோரிஸ். மணிக்கட்டு எலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பருவத்தின் பெரும்பகுதியை வெளியே கழித்தவர்; அந்த ஆண்டு ஒரு ஹோம் ரன்கூட (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடிக்காதவர். முதல் பந்து வலப்பக்க வேலியைத் தாண்டியது. களத்தில் ஏற்கெனவே நின்ற சக வீரரையும் சேர்த்து இரண்டு ஓட்டங்கள். 9-8. மயாமி வீரர்கள் புல்தரையிலேயே முகம் புதைத்துக் கிடந்தார்கள். அப்படி ஒரு பந்து மார்ட்டினுக்கு வாய்க்கவில்லை. 1986, 1999 இரண்டிலும் இறுதி ஆட்டத்தில் தோற்றார்.

பட்டம்தான் அளவுகோல் என்றால் பெர்ட்மேன். அதில் எனக்குத் தயக்கமில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே தரத்தைக் காப்பது மட்டும் வேறொருவருக்குக் கைவருமா என்பது சந்தேகமே.

2019இல், ஓய்வு பெறுவதாக அறிவித்த பிறகு, 75 வயது மார்ட்டினின் அணி கடைசி நேரத்தில் தொற்றிக்கொண்டுதான் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. ஒமாஹாவுக்கு முந்தைய சுற்று பேட்டன் ரூஜ் நகரில், எதிரணி அந்த ஊரின் லூசியானா ஸ்டேட். ஆடுகளத்துக்குப் பெயரே ஸ்கிப் பெர்ட்மேன் ஃபீல்ட். அங்கே அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களையும் வென்றார்கள், இரண்டாவதை வழக்கமான ஒன்பதைத் தாண்டி 12 இன்னிங்ஸ் இழுத்து. பிறகு ஒமாஹா: ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, வீடு.