இன்டைரக்ட் கேள்வி: விதிப்பட்டியலா, பதில் வாக்கியமா?

ஆங்கிலத்தில் ஒரு கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டென்ஸ், பிரதிப்பெயர், நேரச்சொல் என்று வரிசையாக மாற்றும் விதிப்பட்டியல். மற்றது, கேள்விக்கு ஒரு பதிலை எழுதி, அதை வைத்தே கேள்வியை அமைப்பது. என் ஓட்டு இரண்டாவதற்கு.

பட்டியலின் பலம் தெரிந்ததுதான். ‘இஸ்’ ‘வாஸ்’ ஆகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும், ‘டுமாரோ’ ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகும்.

ஆனால் பலர் தடுக்கி விழுவது சொல்வரிசையில். ‘வேர் டஸ் ஷீ வொர்க்?’ என்பதை ‘டூ யூ நோ’வுக்குப் பின் வைக்கச் சொன்னால், ‘டூ யூ நோ வேர் டஸ் ஷீ வொர்க்’ என்று அப்படியே ஒட்டிவிடுவார்கள். ‘டஸ்’ஸை நீக்கவேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்களோ ‘வேர் ஷீ வொர்க்’ என்று நின்றுவிடுவார்கள். ‘டஸ்’ சுமந்திருந்த ‘எஸ்’ வினைச்சொல்லுக்குத் திரும்பவேண்டும், அது மறந்துபோகும்.

பதிலை எழுதிப் பாருங்கள்: ‘ஷீ வொர்க்ஸ் இன் எ பேங்க்.’ கடைசி மூன்று சொற்களை எடுத்துவிட்டு ‘வேர்’ என்பதை முன்னால் போட்டால் ‘வேர் ஷீ வொர்க்ஸ்’. ‘எஸ்’ தானே வந்து உட்கார்ந்துவிட்டது. ‘வென் டிட் தி டிரெயின் லீவ்?’ என்றால் பதில் ‘தி டிரெயின் லெஃப்ட் அட் சிக்ஸ்’. ஆகவே ‘வென் தி டிரெயின் லெஃப்ட்’. ‘ஹூ புரோக் இட்?’ என்பதில் ‘ஹூ’வே எழுவாய், எனவே வரிசை மாறாது. பதிலில் உடைத்தவர் பெயர் நிற்கும் இடமும் அதுதான்.

ஆம்-இல்லை கேள்விக்கு, ‘வருவாயா’வில் உள்ள ‘ஆ’தான் ஆங்கிலத்தில் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. பின்னால் ‘டு கோ’ போல வந்தால் ‘வெதர்’ மட்டுமே. தமிழ் ‘என்று’ நினைவில் ‘ஹீ ஆஸ்க்டு தட் வேர் ஐ வாஸ் கோயிங்’ என்று எழுதுவதை மட்டும் இரண்டு வழியுமே தடுக்காது. அந்தத் ‘தட்’டுக்கு அங்கே வேலையில்லை.

‘ஹீ ஆஸ்க்டு’ என்று தொடங்கினால் பட்டியலைக் கொஞ்சம் கடன் வாங்கவேண்டும்: ‘வொர்க்ஸ்’ ‘வொர்க்டு’ ஆகும், ‘லெஃப்ட்’ ‘ஹேட் லெஃப்ட்’ ஆகும். அவள் இன்னும் அங்கேயே வேலை பார்த்தால் ‘வொர்க்ஸ்’ என விடுவதும் தவறல்ல. ஆனாலும் பரீட்சைத்தாளில் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. கேள்விக்குறி ‘டூ யூ நோ’வுக்கு உண்டு, ‘ஹீ ஆஸ்க்டு’க்குக் கிடையாது.