பேவர் பிளாக் போடப் போகிறீர்களா? கல்லுக்கு அடியில் போவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கம் வீட்டு முன்வாசலுக்கு பேவர் பிளாக் போட ஆள் தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் வீட்டில் வேலை எடுத்தவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் எந்தெந்த இடத்தில் ஏமாற்றினார் என்று தெரிந்தால், வேறு யார் வந்தாலும் நீங்களே பிடித்துவிடலாம்.

900 சதுர அடி. சதுர அடிக்கு 130 ரூபாய். லெட்டர்பேடில் அவரே எழுதிக் கொடுத்த கொட்டேஷன் கையில் இருக்கிறது: பழைய மண்ணை வெட்டி எடுத்துவிட்டு 6 அங்குலத்துக்கு வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்தூளும் தண்ணீர் விட்டுக் கலந்தது), கம்பாக்டர் என்ற அதிர்வு மெஷினை ஓட்டி இறுக்குவது, மேலே ஒன்றரை அங்குலம் எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), கார் நிற்கும் இடத்தில் 80 எம்எம் கல், மற்ற இடத்தில் 60 எம்எம், ஓரம் முழுக்க கற்கள் விலகாமல் பிடிக்கும் கர்ப் ஸ்டோன், தண்ணீர் ஓட கேட்டை நோக்கி வாட்டம். வேலை முடிந்த அன்று பார்க்க மிக அழகாக இருந்தது. சிவப்பும் சாம்பலுமாக, பளபளவென்று.

ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் அம்மா சமையலறைக் குழாயைத் திறந்தார். பாத்திரத்தில் சாம்பல் நிறத்தில் கலங்கலாகத் தண்ணீர் விழுந்தது. வெளியே போய்ப் பார்த்தால் முற்றத்துத் தண்ணீர் முழுக்க வீட்டுச் சுவரோரம் குளம் கட்டி, சம்ப் என்கிற தரையடித் தொட்டியின் மூடிக்கு மேலே நின்றது. குடிநீர் சம்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்தச் சாம்பல் நிறம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியவில்லை.

கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். "சார், இந்த ஏரியாவே அப்படித்தான் சார், மழைன்னா எல்லார் வீட்லயும் நிக்கும்" என்றார். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் எங்களுடையது. தண்ணீர் எப்போது, எந்தப் பக்கமிருந்து வரும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று தெருவில் தண்ணீர் இல்லை. எங்கள் முற்றத்தில் மட்டும்தான் இருந்தது.

பக்கத்துத் தெருவில் வயதான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டி வந்தேன். கேட்டிலிருந்து நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். "தம்பி, வாட்டம் வீட்டைப் பாத்து இருக்கு" என்றார். 10 அடிக்கு 2 அங்குலம் தெருப் பக்கம் இறங்க வேண்டிய தரை, எங்கள் வீட்டில் சுவரை நோக்கி இறங்கியிருந்தது. இப்படியே விட்டால் இரண்டு மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும் என்றார்.

சம்பை ஒட்டி நாலு கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார். அடியில் வெட்மிக்ஸ் இல்லை. கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும்போது வரும் தூள், அதுவும் இரண்டு விரல் கனம். அதற்குக் கீழே பழைய களிமண், வெட்டப்படாமல் அப்படியே. கையை வைத்து அழுத்தினால் விரல் இறங்கியது. குழாயில் வந்த சாம்பல் கலங்கல் இந்த டஸ்ட்தான். ஓரத்தில் கர்ப் ஸ்டோனுக்குப் பதில் சிமென்ட்டைச் சும்மா பூசி விட்டிருந்தார்கள். பூச்சு விரிந்ததும் கற்கள் விலகி, இடுக்கு வழியாக டஸ்ட் கரைந்து ஓடிவிட்டது.

இன்னொன்று. கேட் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும் முதல் இரண்டு வரிசை மட்டும் 80 எம்எம். உள்ளே கார் நிற்கும் இடம் முழுக்க 60. டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்திருக்கிறேன். சாம்பிளுக்குக் காட்டிய கல்லும் இறக்கிய கல்லும் வேறு வேறு. பேவர் கல்லுக்கு ஐ.எஸ். 15658 என்று தரநிலையே இருக்கிறது. சராசரியாக எடையில் 6 சதவீதத்துக்கு மேல் கல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறது. நான் வெயிலில் நன்றாகக் காய்ந்த ஒரு கல்லை எடை போட்டேன், 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி எடை போட்டால், கிட்டத்தட்ட 400 கிராம் கூடியிருந்தது. 250 கிராமைத் தாண்டியிருக்கவே கூடாது. லேப் சோதனைக்கு இது ஈடாகாதுதான், ஆனால் கல் இறங்கும் நாளில் எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். அந்தப் பளபளப்பும் நல்லதில்லை. ரப்பர் மோல்டில் வார்த்த வழவழப்பான கல் மழையில் வழுக்குகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சொரசொரப்பான கல்லே போடுங்கள்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் மழைநீர்க் குழியைப் பற்றியது. 2003ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா முன்னால் நின்று வெட்ட வைத்த குழி. ஜல்லியும் மணலும் போட்டு, மொட்டைமாடித் தண்ணீர் நேரே அதில் இறங்கும். அதன் ஓட்டை மூடி மீது பாலித்தீன் ஷீட்டை விரித்து, டஸ்ட்டைக் கொட்டி, கல்லைப் பதித்து மூடிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஸ்திரி தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்.

அடியில் போட வேண்டிய வெட்மிக்ஸ் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 900 சதுர அடியில் 6 அங்குலம் என்றால் 450 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி. ஆக நாலரை யூனிட், இறுக்கினால் அமுங்கும் என்பதால் அதற்கும் மேலே வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு சின்ன லோடு டஸ்ட். "இவ்வளவுதானாப்பா?" என்று அம்மா கேட்டதற்கு, "மிச்சம் நாளைக்கு வருதும்மா" என்றார்களாம். மறுநாள் வந்து இறங்கியது கல். கம்பாக்டர் வரவே இல்லை.

இப்போது மேஸ்திரி சம்ப் பக்கமும் குழிப் பக்கமும் கல்லைப் பெயர்த்து, வாட்டம் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார். வேப்பமரத்தைச் சுற்றி அடிமரம் வரை நெருக்கிப் பதித்திருந்த கற்களையும் எடுத்துவிட்டோம். செலவு மறுபடியும் எங்கள் தலையில்.

பில் கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள். எனக்கும் பில் இல்லை. கொட்டேஷன் தாள், யுபிஐயில் பணம் போன விவரம், வாட்ஸ்அப் பேச்சு, கல்லைப் பெயர்க்கும்போது எடுத்த வீடியோ, இவற்றை வைத்து முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ல் பதிவு செய்தேன். கான்ட்ராக்டர் அசையவில்லை. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. குறை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அந்த ஆள் இன்னும் எங்கள் பகுதியில் வேலை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஏற்கனவே யாருக்காவது அட்வான்ஸ் கொடுத்திருந்தால், அடுத்த தவணைக்கு முன்னால் கார் நிற்கும் இடத்தின் நடுவில் ஒரு கல்லை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கனத்தை அளந்துவிட்டு, அடியில் இருப்பதைக் குத்திப் பாருங்கள். மாட்டேன் என்றால் மீதிப் பணத்தை நிறுத்திவிடுங்கள்.