லூட்டீசியம்-177: நேர்வழியா, சுற்றுவழியா?

ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கும், பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இன்று ஏற்றப்படும் கதிரியக்க மருந்துகளில் வேலை செய்வது லூட்டீசியம்-177. ஒரு தவணைக்குப் பெரும்பாலும் 7.4 கிகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 6.65 நாள் என்பதால் வாங்கி அடுக்கிவைக்க முடியாது. இதை அணு உலையில் தயாரிக்க இரண்டு வழிகள் உண்டு.

நேர்வழி எளிது. லூட்டீசியம்-176 ஒரு நியூட்ரானை விழுங்கினால் 177. இயற்கை லூட்டீசியத்தில் 176 வெறும் 2.6 சதவீதம் என்பதால் செறிவூட்டியதை வாங்கவேண்டும். ஆனால் மில்லிகிராம் கணக்கில் போதும். நியூட்ரானை விழுங்கும் திறனை பார்ன் என்ற அலகில் சொல்வார்கள். இதற்கு அது சுமார் 2,000. உலையிலிருந்து எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் ஏறக்குறைய வேலை முடிந்தது. மும்பை ட்ராம்பேயில், துருவா உலையை வைத்து பாபா அணு ஆராய்ச்சி மையம் தயாரிப்பது இந்த வழியில்தான்.

சுற்றுவழியில் இலக்கு இட்டெர்பியம்-176. அது நியூட்ரானை விழுங்கி இட்டெர்பியம்-177 ஆகி, 1.9 மணி அரை ஆயுளில் சிதைந்து லூட்டீசியம்-177 ஆகிறது. விழுங்கும் திறன் இரண்டரை பார்ன் அளவுதான். எனவே கிராம் கணக்கில் இலக்கு வேண்டும். அந்தக் குவியலுக்குள் நமக்கு வேண்டிய லூட்டீசியமோ மிக மிகக் கொஞ்சம்.

அதைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. தனிம அட்டவணையில் 70, 71 என்று ஒட்டி நிற்பவை இவை. அயனி ஆரத்தில் வேறுபாடு 0.7 பிக்கோமீட்டர். 1907-இல் ஜார்ஜ் உர்பேன் போன்றவர்கள் பிரித்துக் காட்டும்வரை இரண்டும் ஒரே தனிமம் என்றே வேதியியல் உலகம் நம்பியிருந்தது. அவர்கள் பொறுமையாக நாள்கணக்கில் செய்ததை இன்று ஈயச் சுவருக்குப் பின்னால், இயந்திரக் கைகளால், சரக்கு சிதைந்துகொண்டே இருக்கும்போது செய்யவேண்டும். பிசின் நிரப்பிய குழாய்களில் அமிலத்தோடு மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, இட்டெர்பியத்தை ஒதுக்கிக்கொண்டே வருகிறார்கள். விலை அதிகம் என்பதால் அந்த இட்டெர்பியத்தையும் மீட்டு மறுபடி உலைக்கு அனுப்புவது வழக்கம்.

இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது என்ன? ஒன்று, செறிவு. சுத்தமான லூட்டீசியம்-177 ஒரு மில்லிகிராமுக்குச் சுமார் 4,100 கிகாபெக்கரல். நேர்வழிச் சரக்கு 740 என்று வைத்துக்கொண்டால், நூறு அணுக்களில் பதினெட்டுதான் வேலை செய்பவை. மற்றவை மருந்து மூலக்கூறில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருப்பவை.

இன்னொன்றை நான் இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். நேர்வழியில் லூட்டீசியம்-177எம் என்ற உடன்பிறப்பும் கூடவே உருவாகிறது. அளவு பத்தாயிரத்தில் ஓரிரு பங்குதான். நோயாளிக்கு அதனால் சொல்லும்படி கெடுதல் இல்லை. ஆனால் அதன் அரை ஆயுள் 160 நாள். நோயாளியின் சிறுநீர் போகும் தேக்கத் தொட்டியையும் மிச்சமான குப்பிகளையும் எண்ணிப் பாருங்கள். 177-க்குப் பத்து அரை ஆயுள் காத்திருக்க 67 நாள் போதும். 177எம்-க்கு நான்கு ஆண்டுக்கு மேல். ஆலையில் மிச்சம் பிடித்த உழைப்பை மருத்துவமனையின் கழிவறை சுமக்கிறது. சுற்றுவழியில் இந்தத் தொல்லை இல்லை.

அதற்காக நேர்வழியை இரண்டாந்தரம் என்று ஒதுக்குவது அநியாயம். லூட்டீசியத்தைக் கட்டிக்குச் சுமந்து செல்லும் டோட்டாடேட் போன்ற சிறிய மூலக்கூறுகளுக்கு அது நன்றாகவே ஒத்துழைக்கிறது. உலை உள்நாட்டில் இருந்து, சரக்கு சில நாளில் வார்டுக்கு வந்துவிடும் என்றால், நம் ஊர் நோயாளியின் கைக்கு எட்டும் விலைக்கு நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நாள் ஆக ஆக 177 குறைந்து 177எம்-இன் பங்கு ஏறுவதால், தூரத்துக்கு அனுப்ப அது தோதுப்படாது. ஆன்டிபாடி என்ற பெரிய புரதத்தில் ஏற்றுவதற்கும், கழிவு விதிகள் கடுமையான இடங்களுக்கும் சுற்றுவழிச் சரக்கே சரி. கனடாவின் புரூஸ் மின் நிலையம் 2022-இல் மின்சாரம் தரும் உலையிலேயே இட்டெர்பியத்தை வைத்து லூட்டீசியம் எடுக்கத் தொடங்கியது. இலக்குக்கு நியூட்ரான் கிடைக்கும் இடங்கள் கூடுகின்றன. பிரித்தெடுக்கத் தெரிந்த கைகளும் அதே வேகத்தில் கூடவேண்டும்.