கடலூரில் கிரவுன் பினியன் மாற்றம்: கழற்றியது நான், அளந்து பொருத்தியது பட்டறை

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் இருக்கும் ஒரு சிறிய பட்டறையில், என் ஆறு சக்கரச் சிறு லாரியின் பின் அச்சுக்குப் புதிய கிரவுனும் பினியனும் (இன்ஜினிலிருந்து வரும் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி) போட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. அந்தப் பட்டறையின் வேலையைப் பற்றி எழுதும்போதே, இதை நாமே செய்துகொள்ளலாமா என்ற கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் முழு வேலையையும் வீட்டு வாசலிலேயே முடித்துவிடும் எண்ணத்தில்தான் நான் ஸ்பேனரை எடுத்தேன். சொந்த வண்டியைச் சொந்தமாகவே ஓட்டி, கிரீஸ் அடிப்பது முதல் கிளட்ச் பிளேட் மாற்றுவது வரை தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது, என் வண்டி ஆற்றங்கரையை ஒட்டிய தெருவில் பின் அச்சு மூழ்கும் அளவு நீரில் ஒன்றரை நாள் நின்றது. இன்ஜினுக்குள் நீர் போகவில்லை என்ற நிம்மதியில் அச்சை மறந்துவிட்டேன். அச்சின் மேல்புறத்தில் காற்று போய்வர ஒரு சிறிய பிரீதர் இருக்கிறது. அதன் வழியாக நீர் உள்ளே இறங்கும் என்பது தெரிந்தும் கியர் ஆயிலை உடனே மாற்றாதது என் பெருந்தவறு. சில மாதங்களில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரீங்காரம் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடும், விட்டால் அடங்கும். வடிகால் போல்ட்டைத் திறந்தபோது வந்தது கியர் ஆயிலே அல்ல, பால் கலந்த டீ. பிறகு கழற்றிப் பார்த்தபோது பினியன் பேரிங்கில் துருப்புள்ளிகள் இருந்தன. பினியன் பற்களின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது.

தேய்ந்தது பினியன் மட்டும்தானே, அதை மட்டும் மாற்றலாம் என்று கடைக்காரர் யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசவைத்து ஜோடியாகவே இழைக்கிறார்கள். இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஜோடி மாறினால் புதுப் பல்லும் இரையும், சீக்கிரம் தேயும். பல் எண்ணிக்கையையும் எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். என் வண்டியில் கிரவுனுக்கு 41, பினியனுக்கு 8. அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் ஜாயின்ட் ஷாஃப்ட் 5.125 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

இனி, நம் கையில் ஆகும் பகுதி. இந்த வகை லாரிகளில் வண்டியின் எடையை அச்சுக்கூடே தாங்குவதால், சக்கரங்களைக் கழற்றாமலே இருபுறமும் ஹப் போல்ட்டுகளை எடுத்து, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட்டை உருவிவிடலாம். அதன் பிறகு ஜாயின்ட் ஷாஃப்ட்டை அவிழ்த்து, சுற்றியுள்ள நட்டுகளை எடுத்தால், கிரவுனும் பினியனும் அடங்கிய டிஃபரன்ஷியல் முழுதாக முன்பக்கமாக வெளியே வரும். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. ஷாஃப்ட்டை உருவிய நொடியிலிருந்து கியரில் போட்டு நிறுத்தியிருப்பது வண்டியைப் பிடிக்காது. ஆகவே நான்கு பக்கமும் கட்டை வைக்காமல் கீழே படுக்கவே கூடாது. டிஃபரன்ஷியலின் எடையும் ஒருவர் மார்பில் தாங்கும் எடையல்ல. ஜாக்கியின் மேல் பலகை வைத்துத்தான் இறக்க வேண்டும். நானும் என் மைத்துனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதை முடித்துவிட்டோம். லாரியை இழுத்துச் செல்லும் செலவும், பட்டறை வாசலில் அது நாள்கணக்கில் நிற்பதும் இதனால் மிச்சம்.

அதற்கு மேல் என்னால் முடியாது என்பதை அந்தப் பட்டறை மேசையில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உள்ளே நுழைந்ததும் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, "தம்பி, பேரிங் மூடி ரெண்டுலயும் இடம் வலம் புள்ளி வச்சீங்களா?" என்பதுதான். வைத்திருந்தேன், ஒரு பக்கத்து மூடி மறுபக்கம் போனால் பேரிங் நேராக உட்காராது. பினியனைப் புதிய பேரிங்குகளோடு பொருத்தி நட்டை இறுக்கியவர், முன்பக்கத் தட்டில் ஒரு நூலைச் சுற்றி, மீன் ஏலக் கூடத்தில் தொங்கும் ஸ்பிரிங் தராசைப் போன்ற ஒன்றை நூல் நுனியில் மாட்டி மெதுவாக இழுத்தார். பினியன் சுழல எவ்வளவு இழுவிசை ஆகிறது என்பதிலிருந்து பேரிங்கின் இறுக்கம் தெரிகிறது. குறைந்தால் பினியன் ஆடும், கூடினால் பேரிங் கருகும். கையால் சுழற்றிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று நான் சொல்லியிருக்கக்கூடிய இடத்தில் அவர் மூன்று முறை நட்டைக் கழற்றி மாட்டினார்.

பிறகு கிரவுன் பற்கள் சிலவற்றில் செவ்வீயத்தை (ரெட் லெட் என்னும் சிவப்புப் பொடி) எண்ணெயில் குழைத்துப் பூசி, பினியனைச் சுழற்றினார். பூச்சு அழிந்த தடம் பல்லின் அடிப்பகுதியில் விழுந்திருந்தது. பினியன் கிரவுனுக்குள் அதிகம் இறங்கிவிட்டது என்பதே அதன் பொருள். மீண்டும் பினியனை வெளியே எடுத்து, ஷிம் எனும் மெல்லிய இடைத்தகடு ஒன்றை மாற்றிப் பூட்டியதும் தடம் பல்லின் நடுவுக்கு வந்தது. கிரவுனின் மையத்தை நோக்கிய உட்கோடிப் பக்கம் ஒரு சிறிது சாய்ந்தே இருந்தது. பாரம் ஏறும்போது தடம் வெளிப்பக்கம் நகரும் என்பதால் அப்படித்தான் விட வேண்டும் என்றார். கடைசியாக நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஊன்றி, பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி ஆட்டத்தைக் கிரவுனின் நான்கு இடங்களில் அளந்தார். கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. கிரவுனின் இருபுறப் பேரிங்குகளையும் பிடிக்கும் சுற்று நட்டுகளில் ஒருபக்கத்தைத் தளர்த்திய அளவுக்கே மறுபக்கத்தை இறுக்கி அதை நிறுத்திய கைப்பழக்கத்துக்கும், அந்தக் கருவிகளுக்கும் நான் மனமுவந்து கூலி கொடுத்தேன். ஆயுளில் ஒருமுறை செய்யும் வேலைக்காக இவற்றை வாங்குவதிலும், தப்பாகப் பொருத்திப் புது ஜோடியையே கெடுத்துக்கொள்வதிலும் எந்த லாபமும் இல்லை.

குறைகளும் உண்டு. இரண்டு நாளில் தருவதாகச் சொன்னவர்கள் நான்காம் நாள்தான் தந்தார்கள். ஒரு நடைச் சரக்கு கைவிட்டுப் போனது. அளந்த கணக்கைக் கேட்ட பிறகே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தாமாகவே பில்லோடு தர வேண்டும். இவற்றைவிட என்னை வருத்தியது வேறு. வண்டி வெள்ளத்தில் நின்றதால் ஆன கோளாறு என்று நான் சொல்லியும், அச்சில் இருக்கும் பிரீதரைப் பார்த்து மாட்டுங்கள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. முந்நூறு கிலோமீட்டரில் பினியன் பக்கத்தில் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் புது ஆயில் சீல் கசிந்தது. கழற்றிப் பார்த்தால் பிரீதர் முழுக்கச் சேறு இறுகிக் கிடந்தது. சூடேறிய காற்றுக்கு வேறு வழியில்லாமல் சீலைத் தள்ளியிருக்கிறது. சீலை அவர்கள் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதைச் சேஸிஸின் மேல்விளிம்பு வரை கொண்டுபோய்க் கட்டியது நான்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பாதிப் பாரம் மட்டுமே ஏற்றினேன். முதல் நாள் இருபது கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி அச்சைக் குளிரவிட்டேன். ஆயிரம் கிலோமீட்டரில் கியர் ஆயிலை வடித்துப் புதிதாக ஜி.எல்.5 தரத்து 80டபிள்யூ-90 ஊற்றினேன். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மாவு போல மெல்லிய பூச்சு இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், ஒரு துணுக்குகூட நெருடவில்லை. போன வாரம் பண்ணுருட்டியில் பலாப்பழம் முழுப் பாரம் ஏற்றிப் புதுச்சேரி வரை வந்தேன். ஐம்பதிலும் அறுபதிலும் பின் அச்சில் சத்தமே இல்லை.