விஎல்சி பிளேயருக்கு 380 வெள்ளி! கோலாலம்பூர் மக்களே, ஏமாந்துவிடாதீர்கள்

நேற்று இரவு தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 380 வெள்ளி போய்விட்டது, அதுவும் யாரிடமும் காசு கேட்காத, வீடியோ ஓட்டும் ஒரு மென்பொருளுக்கு.

நான் செந்தூலில் இருக்கிறேன். அடுத்த வாரம் அப்பாவுக்கு முதல் வருடத் திதி. 2004-இல் நடந்த அக்கா கல்யாணத்தின் டிவிடியில் அப்பா மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசுவார். அவர் குரல் எங்களிடம் இருப்பது அதில் மட்டும்தான். அம்மா பார்க்கணும் என்றார். புது மடிக்கணினியில் டிவிடி டிரைவை மாட்டினேன், ஓடவில்லை. ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் உள்ள கணினி பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் நம்மவர். "வாங்கண்ணே, உட்காருங்க" என்று நாற்காலி போட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் அவர் முகமும் வாடியது. "விண்டோஸ் 8-லேர்ந்து டிவிடி ஓட்டுற வசதியை எடுத்துட்டாங்கண்ணே. ஒரிஜினல் பிளேயர் லைசன்ஸ் போடணும். 380 வெள்ளி, வாழ்நாளுக்கும் ஓடும்."

முதல் பாதி உண்மை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அதன் மீடியா பிளேயரில் டிவிடி ஓடுவதில்லை; கணினிக்குக் கணினி உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கியது. கடைக்குப் போகும் வழியில் எல்ஆர்டியில் நானே அதைப் படித்திருந்தேன். அவரும் அதையே சொல்லவும், விவரம் தெரிந்த ஆள் என்று நம்பி கியூஆரில் 380 வெள்ளி அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் அப்பா திரையில் வந்தார். கடையிலேயே அழுதேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். இப்போது நினைத்தாலும் அந்த இடம் எரிகிறது.

இரண்டே நாளில் திரை முழுக்க விளம்பரம், பிரௌசரின் முகப்பே மாறிப்போயிருந்தது. அக்கா மகன் அந்தப் பிளேயரின் ஆரஞ்சுக் கூம்புச் சின்னத்தைப் பார்த்ததுமே சொன்னான்: "மாமா, இது விஎல்சி. இது இலவசம்."

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 1996-இல் பாரிஸ் எக்கோல் சென்ட்ரல் மாணவர்கள் கல்லூரி வளாகத்துக்குள் வீடியோ அனுப்புவதற்காகத் தொடங்கிய வேலை. 2001-இல் ஜிபிஎல் உரிமத்தில், அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தில், எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். விடியோலேன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. டிவிடி ஓட்டத் தேவையானது எல்லாம் உள்ளேயே இருக்கிறது, விளம்பரம் கிடையாது. குறைகளும் உண்டு: முகப்பு பழைய பாணி, பாதுகாப்பு ஓட்டைகள் அவ்வப்போது வெளிவந்து அடைக்கப்படுகின்றன, அதனால் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் என் கணினியில் வந்த குப்பை அவர்கள் போட்டதல்ல. தங்கள் பிளேயரோடு வேண்டாததைச் சேர்த்துக் கட்டிப் பரப்புகிறவர்களைப் பற்றி 2011-லேயே அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜிபிஎல் உரிமப்படி பிரதிக்குக் காசு வாங்குவது தப்பில்லை. பதித்துக் கொடுத்த கூலி 30 வெள்ளி என்று கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். இல்லாத லைசன்ஸுக்கு 380 வெள்ளி வாங்கியதுதான் மோசடி.

திரும்பப் போய்க் கேட்டேன். "நாளைக்கு வாங்கண்ணே, கொஞ்சம் பிஸி." மறுநாள், "அது சர்வீஸ் சார்ஜ்ண்ணே." ரசீதில் லைசன்ஸ் என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். "பையன் தப்பா எழுதிட்டான்." மூன்றாவது முறை அந்தப் பையன் மட்டும் இருந்தான்; முதலாளி பினாங்கு போய்விட்டாராம். வாட்ஸப்பில் நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. நேற்று என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். 380 வெள்ளி என் வீட்டில் இரண்டு வார மளிகை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பிளேயருக்கு லைசன்ஸ் என்று யாராவது சொன்னால் மென்பொருளின் பெயரைக் கேட்டு, அங்கேயே தேடிப் பாருங்கள். விஎல்சியை விடியோலேன் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. எனக்கு அந்த ரசீது கையில் இருக்கிறது. திதி முடிந்ததும் மனு கொடுக்கப் போகிறேன்.