ஹாக்கி ஆடிய இடத்தில் ஒரு மளிகைக் கடை

டொராண்டோவில் பிள்ளைகள் இருக்கிற சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கடையைச் சொல்லி வைக்கிறேன். கார்ல்டன் தெருவும் சர்ச் தெருவும் சேரும் முனையில், மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற பழைய அரங்கத்துக்குள் இருக்கும் லாப்லாஸ் சூப்பர் மார்க்கெட். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வியாபாரம் பார்த்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கால் கடைப் பக்கம்தான் போகும். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "மாமா, இதை நீங்க பார்க்கணும்" என்று மருமகன் கூட்டிப் போனார்.

சரக்கு அடுக்கியிருக்கும் நேர்த்திக்கே முழு மார்க் போடலாம். சீஸுக்கு என்றே ஒரு சுவர், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில். ஆனால் நான் அசந்தது 25ஆம் வரிசையில். தரையில் ஒரு சிவப்பு வட்டம். ஐஸ் ஹாக்கி மைதானத்தின் நடுப்புள்ளி அங்கேதான் இருந்ததாம். ஓர் அம்மாள் அதன் மேலேயே டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

1931 ஜூனில் அரங்க வேலையைத் தொடங்கி நவம்பர் 12இல் திறந்துவிட்டார்கள். ஐந்து மாதத்தில் நம்மூரில் டெண்டர்கூடப் பிரிக்க மாட்டார்கள்! அதுவும் உலகமே பணமுடையில் இருந்த காலம். கட்டியவர்கள் கூலியில் ஐந்தில் ஒரு பங்கைக் கம்பெனிப் பங்காக வாங்கிக்கொண்டார்களாம். எல்விஸ் 1957இல் பாடினார். பீட்டில்ஸ் 1964 முதல் மூன்று வருடம் வரிசையாக வந்தார்கள். 1966இல் முகமது அலி இங்கே கனடா குத்துச்சண்டை வீரர் சுவாலோவுடன் 15 ரவுண்டு மோதி ஜெயித்தார். ஆனால் சுவாலோவைக் கீழே விழவைக்க முடியவில்லை. உள்ளூர் ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ், ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை 1967இல் வாங்கியதோடு சரி. அந்தப் பேச்சை எடுத்தாலே மருமகன் முகம் வாடிவிடுகிறது.

1999இல் அணி வேறு அரங்கத்துக்குப் போய்விட்டது. 2011இல் கடை வந்தது. பழைய நாற்காலிகளை வைத்தே பெரிய நீல மேப்பிள் இலை ஒன்று செய்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மேல் மாடியில், அதே பழைய கூரைக்குக் கீழே, பல்கலைக்கழகத்தின் ஐஸ் மைதானம் நடக்கிறது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் மிஞ்சிய நுழைவு வளைவை மட்டும் பார்த்துப் பழகிய எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். உள்ளே ஒரு மளிகைக் கடை வந்திருந்தாலாவது கட்டடம் மிஞ்சியிருக்கும்.

விலையை ரூபாயில் கணக்குப் போடாதீர்கள், தலை சுற்றும். சுரங்க ரயிலில் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். அங்கேயும் சுவரில் ஹாக்கி வீரர்கள் ஓவியம் இருக்கிறது, பாருங்கள். புளி, துவரம்பருப்புக்கு ஸ்கார்பரோவில் நம் ஆட்கள் கடைக்கே போய்விடுங்கள்.